அப்பாவின் இடுப்பில் முளைத்த எலும்பு

அப்பாவை நாற்காலியில் உட்காரவைக்க நாங்கள் ஏறக்குறைய 7 வாரங்கள் போராடினோம். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கட்டிலிலிருந்து தூக்கி, சக்கர நாற்காலியில் இறக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, வயிற்றைச் சுற்றிப் பழைய வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டு நிமிர்வதற்குள் அவர் வழுக்கத் தொடங்கியிருப்பார். 10 நிமிடத்தில் இடுப்பு நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடும். கட்டிய வேட்டி மார்புக்கு ஏறிவிடும். வலது கால் மடங்காமல் விறைத்து முன்னால் நீண்டு நிற்கும். மறுபடியும் தூக்குவோம், மறுபடியும் வழுக்குவார். 31 ஆண்டுகள் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர், வீட்டு நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார மறுக்கிறார் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். அந்த 'மறுக்கிறார்' என்ற சொல் ஒன்றரை ஆண்டு கழிந்தும் என்னை விடவில்லை. அதை யாரிடமாவது சொல்லித் தீர்க்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது 2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த நான்காம் நாள். ரத்தக்குழாய் அடைபட்டு வரும் வகை அல்ல. ரத்த அழுத்தம் ஏறி, மூளையின் இடப்பக்கத்தில் குழாய் வெடித்துக் கசிந்திருந்தது. வீங்கிய மூளை நசுங்காமலிருக்க, மண்டையோட்டின் இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை வெட்டி எடுத்து, பின்னால் திரும்பப் பொருத்துவதற்காக அதை அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். 11 நாட்கள் செயற்கைச் சுவாசம், தொண்டையில் துளை, மொத்தம் 24 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதன்பின் 10 நாட்கள் பொது வார்டு. விருதுநகர் வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தபோது வலக்கையும் வலக்காலும் செயலற்றிருந்தன. உயிர் தங்கியதே பெரிது என்று ஊரே சொன்னது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எல்லாவற்றுக்கும் 'ஆமா'

பேச்சும் போயிருந்தது, ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. "சாப்பிடுறீங்களாப்பா?" என்றால் "ஆமா." "வேணாமா?" என்றால் அதற்கும் "ஆமா." என் பெயரைச் சொல்லச் சொன்னால், கண்ணில் நீர் தளும்ப, என்னைத் தெரிந்துகொண்ட முகத்தோடு, "ஆமா, ஆமா." மூளையின் பேச்சுப் பகுதி சிதைந்தவர்களிடம் இப்படி ஒற்றைச் சொல் தங்கிவிடுவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1861இல் பாரிசில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் விவரித்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓர் அசைதான் மிஞ்சியிருந்தது. எதைக் கேட்டாலும் அவர் அதையே சொன்னார். இதை நான் பின்னர்தான் படித்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவின் 'ஆமா'வை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான். "வலிக்குதாப்பா?" "ஆமா." "வலிக்கலதானே?" "ஆமா." நான்கைந்து முறை கேட்டுப் பார்த்துவிட்டு, வலியைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டோம்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், உடம்பு துடைத்துவிடும்போது அப்பாவின் வலது தொடை மேல்பக்கம் சூடாக இருப்பதாக அம்மா சொன்னார். கையை வைத்துப் பார்த்தேன். இரு தொடைகளுக்கும் வேறுபாடு தெரிந்தது. வலது தொடை சற்றுப் பருத்து, தோல் பளபளத்து, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாத்திரம் போல இளஞ்சூடாக இருந்தது. மாலையில் உடம்பிலும் காய்ச்சல் 100ஐத் தொட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள், உறைவு இல்லை. அந்தச் சந்தேகம் முற்றிலும் சரியானது, அதைப் பார்க்காமல் விட்டிருந்தால்தான் தவறு. காய்ச்சலுக்கு, சிறுநீர்க் குழாயால் வந்த தொற்று என்று மருந்து கொடுத்தார்கள். இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்புல ஒண்ணும் இல்லம்மா, காலை மடக்கி நீட்டிப் பயிற்சி குடுங்க, விட்டுட்டா அப்படியே மடங்காமப் போயிரும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வாக்கியத்தின் முதல் பாதியை நான் ஒரு சான்றிதழ் போல வைத்துக்கொண்டேன். எலும்பில் ஒன்றுமில்லை, ரத்தக்குழாயில் ஒன்றுமில்லை; அப்படியென்றால் மீதியிருப்பது மனசுதான். பக்கவாதம் வந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு கதையோடு வருவார்கள். இன்னாருக்கு இதைவிட மோசமாக வந்தது, அவர் வைராக்கியமாக நடந்து நடந்து ஆறே மாதத்தில் சரியாகிவிட்டார் என்று. புறாக்கறி கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு, வாதநாராயணன் தழையைக் கொதிக்கவைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு, எல்லோரும் கடைசியில் வந்து சேர்கிற இடம் ஒன்றே, "அவருதான் மனசு வைக்கணும்." அத்தை வாரம் ஒருமுறை அருப்புக்கோட்டையிலிருந்து வந்து, "அண்ணே, கொஞ்சம் தைரியமா உக்காருண்ணே, எங்களுக்காக உக்காருண்ணே" என்று அழுவார். அப்பா "ஆமா" என்பார். பிறகு வழுக்குவார்.

நான் காலை 6 மணிக்குத் தொடங்குவேன். அப்பாவை மல்லாத்திப் படுக்கவைத்து, வலது முழங்காலை மடக்கி, தொடையை வயிற்றை நோக்கித் தள்ளுவேன். ஓர் இடத்தில் நின்றுவிடும். என் உடம்பின் எடையை முழுவதும் அதன்மேல் சாய்த்து, 30 வரை எண்ணுவேன். அவர் பல்லைக் கடிப்பார், முனகுவார், இடக்கையால் என் தோளைத் தள்ளுவார். "இன்னும் கொஞ்சந்தான்ப்பா" என்று சொல்லியபடியே அந்தக் கையை எடுத்துப் படுக்கையில் வைத்து அழுத்திக்கொள்வேன். வாரத்துக்கு இரண்டு நாள், தைலம் போட்டு நீவிவிடும் ஒருவர் வந்தார். அவர் என்னைவிடப் பலசாலி. அவர் போன பிறகு தொடை இன்னும் சூடாக இருக்கும். நரம்பில் ரத்த ஓட்டம் வருகிறது, அதனால்தான் சூடு என்று அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். நம்புவதற்கு அது இனிமையாகவும் இருந்தது.

"தசைன்னா விட்டுக் குடுக்கும்"

பக்கவாதம் வந்து 12 வாரங்கள் ஆனபோது, தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக ஓர் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வயதைத் தாண்டாத பெண். வந்தவுடன் காலைப் பிடிக்கவில்லை. முதலில் அப்பாவின் இடப்பக்கம் போய் உட்கார்ந்து, அவருடைய நல்ல காலை மடக்கி நீட்டி, "இப்படித்தான் அந்தக் காலையும் பார்க்கப் போறேன் ஐயா" என்று செய்து காட்டினார். பிறகு வலப்பக்கம் வந்து, ஒரு கை முழங்காலுக்கு அடியிலும் இன்னொரு கை குதிகாலுக்கு அடியிலுமாக, குழந்தையைத் தூக்குவது போல மெல்ல மடக்கினார். நான் வழக்கமாக எடையைச் சாய்க்கும் இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே நிறுத்திவிட்டார். அப்படியே பிடித்தபடி காத்திருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். விட்டுவிட்டு மறுபடியும் மடக்கினார். அதே இடத்தில் நின்றது. மறுபடியும் காத்திருந்தார்.

"வலிக்குதாப்பா?" என்று நான் பழக்கத்தில் கேட்டேன். "ஆமா" என்றார் அப்பா. "அவரு எல்லாத்துக்கும் ஆமாதான் சொல்வாரு" என்று நான் அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அக்கா, வாயைப் பாக்காதீங்க. இடது கையைப் பாருங்க." பார்த்தேன். அப்பாவின் இடக்கை, உடம்பைக் கடந்து வந்து, வலது தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் பதிந்து நின்றது. அந்தப் பெண் காலை இறக்கியதும் கை தளர்ந்தது. மறுபடி மடக்கியதும், குறிப்பிட்ட அதே இடத்தில், விரல்கள் இறுகின. மூன்று முறை செய்து காட்டினார். மூன்று முறையும் கை சொன்னது ஒன்றே. அந்தக் கையைத்தான் நான் 7 வாரங்களாக எடுத்தெடுத்துப் படுக்கையில் அழுத்திவைத்துக்கொண்டிருந்தேன்.

"தசை இறுக்கம்னா, மெதுவா பிடிச்சுட்டே பொறுத்திருந்தா கொஞ்சமாவது விட்டுக் குடுக்கும்க்கா. இது விட்டுக் குடுக்கவே இல்ல. கதவுக்குப் பின்னாடி அம்மிக்கல்ல வச்ச மாதிரி நிக்குது. இன்னொரு தடவை எக்ஸ்ரே எடுங்க. அதுவரைக்கும் யாரும் இந்தக் காலை அழுத்தவேண்டாம்."

"போன தடவ எடுத்தோமே, ஒண்ணும் இல்லன்னாங்க" என்றேன். "அது எப்போ?" "ஆறு வாரம் ஆச்சு." "அப்ப இருந்திருக்காது" என்றார்.

மறுநாள் எடுத்த படத்தை, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, காத்திருக்கும் இடத்தின் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பழைய படத்தையும் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழைய படத்தில் இடுப்பு மூட்டுக்கு முன்னால் கறுப்பு, வெறும் கறுப்பு. புதிய படத்தில் அதே இடத்தில், இடுப்பெலும்பின் முன்விளிம்பிலிருந்து தொடையெலும்பை நோக்கிச் சரிந்து, ஒரு வெள்ளை மேகம். நடுவில் கலங்கலாக, ஓரங்களில் கோடு போட்டது போலத் தெளிவாக. படிக்கத் தெரியாத எனக்கே அது அங்கே இருக்கக்கூடாத ஒன்று என்று தெரிந்தது. இத்தனை நாள் நான் எண்ணி எண்ணி அழுத்தியது அதன்மேல்தான் என்பதும் தெரிந்தது. அம்மா என் கையிலிருந்து படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டார்.

இடம் மாறி வளரும் எலும்பு

மருத்துவர் அதற்கு ஹெட்டரோடோப்பிக் ஆசிஃபிகேஷன் என்று பெயர் சொன்னார். தசையும் மெல்லிய திசுக்களும் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் உண்மையான எலும்பு உருவாவது. மூளையோ தண்டுவடமோ காயப்பட்ட சிலருக்கு, சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள், செயலிழந்த பக்கத்தின் பெரிய மூட்டுகளைச் சுற்றி இப்படி வளரும். இடுப்பில்தான் அதிகம், முழங்கை, தோள், முழங்கால் ஆகியவற்றிலும் வரும். தண்டுவடம் அடிபட்டவர்களில் நூற்றுக்கு 20 பேர் அளவுக்கு இதைப் பார்க்கலாம். பக்கவாதத்தில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி, வழக்கமான உச்ச அளவான 120ஐத் தாண்டி 318 இருந்தது. எலும்பு கட்டும் உயிரணுக்கள் மும்முரமாக வேலை செய்கின்றன என்பதன் அடையாளம் அது. சூடு, வீக்கம், இலேசான காய்ச்சல், மூட்டு மடங்காமை, எல்லாம் இதன் தொடக்கக் குறிகளே. ஆனால் அவை ரத்த உறைவுக்கும் தொற்றுக்கும் கூட அப்படியே பொருந்தும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்குச் சில வாரங்கள் முன்பே எலும்பு ஸ்கேனில் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். முதல் எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அது எடுக்கப்பட்ட நாளுக்கு மட்டும் உண்மையைச் சொன்னது. "மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்" என்று ஒருவரும் சொல்லாததுதான் எங்களுக்கு நேர்ந்த கேடு.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "வயித்துல வச்சுத் தச்ச எலும்பு எறங்கி இடுப்புக்கு வந்திருச்சா டாக்டர்?" அறையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்கக்கூடிய கேள்வியும் அல்ல அது. தலையிலிருந்து எடுத்த எலும்பு வயிற்றில் இருக்கிறது என்று சொல்லப்பட்ட ஒரு பெண், அதற்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் புதிதாக ஓர் எலும்பைப் பார்க்கும்போது வேறு என்ன நினைக்க முடியும்? மருத்துவர் படத்தைத் திருப்பிவைத்து, வயிற்றில் இருப்பது அங்கேயே பத்திரமாக இருக்கிறது, இது அவர் உடம்பே புதிதாகச் செய்த எலும்பு என்று பொறுமையாக விளக்கினார். "எதுக்குச் செய்யுது?" என்றார் அம்மா. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் அதற்குப் பிறகு பல இரவுகள் தேடிப் படித்தேன்.

முதலாம் உலகப்போரில் முதுகில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிரெஞ்சுப் படைவீரர்களைப் பராமரித்த அகஸ்டா டெஜெரின் குளும்ப்கே என்ற நரம்பியல் மருத்துவர், ஆந்திரே செய்லியே என்ற மருத்துவரோடு சேர்ந்து, 1918இல் இதை முறையாக விவரித்தார். அவர்கள் பார்த்த வீரர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இந்த எலும்பு இருந்தது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து, பெண்களை மருத்துவமனைப் பயிற்சிக்குச் சேர்க்கத் தயங்கிய பாரிசில் போராடி இடம்பிடித்தவர் அவர். மூட்டே இல்லாதது போல் கிடந்த அந்தக் கால்களை அவர் எத்தனை பொறுமையாகத் தொட்டுப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். உணர்வற்ற கால் என்பதால் அந்த வீரர்களுக்கும் வலி சொல்ல வழியில்லை. என் அப்பாவுக்கு உணர்வு இருந்தது, சொல் இல்லை.

பிறகு 1965இல், லாஸ் ஏஞ்சலிசில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத் துண்டை விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்போடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்தத் தசைக்குள் புதிய எலும்பு வளர்ந்தது. எலும்பாக மாறக்கூடிய உயிரணுக்கள் நம் தசைகளுக்குள்ளேயே எப்போதும் இருக்கின்றன, அவற்றை எழுப்பும் ஒரு செய்தி வரவேண்டும், அவ்வளவுதான் என்பது அதிலிருந்து விளங்கியது. அந்தச் செய்தியைத் தாங்கிவரும் புரதங்களை அவர் பின்னர் எலும்பு உருவாக்கும் புரதங்கள் என்றே அழைத்தார். எலும்பு முறிந்தால் கூடுவதற்கு இதே ஏற்பாடுதான் வேண்டும். மூளை காயப்படும்போது இந்த ஏற்பாடு வழிதவறுகிறது. அசையாத தசையில் ஏற்படும் சிறு சேதங்களையும் அழற்சியையும் உடம்பு எலும்பு முறிவு போல எடுத்துக்கொண்டு கட்டத் தொடங்கிவிடுகிறது என்று கருதுகிறார்கள். கட்டுவது வெறும் சுண்ணாம்புப் படிவு அல்ல. ரத்தக்குழாய் ஓடும், உள்ளே மஜ்ஜை கூட இருக்கும், முழுமையான எலும்பு. பக்கவாதத்தை நான் அதுவரை இழப்புகளின் பட்டியலாகவே அறிந்திருந்தேன். கை போனது, கால் போனது, பேச்சு போனது. எதுவுமே செய்ய முடியாமல் கிடக்கிற உடம்பு, யாரும் கேட்காத ஒரு வேலையை இரவும் பகலும் இத்தனை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முயல்கள்

படித்தவற்றுள் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. 1980இல் பின்லாந்தின் ஆய்வாளர்கள் முயல்களின் பின்னங்காலை அசையாமல் கட்டிவைத்து, நாள்தோறும் சில நிமிடங்கள் மட்டும் கட்டை அவிழ்த்து, காலை வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டினார்கள். சில வாரங்களில் அந்த முயல்களின் தொடைத் தசைக்குள் எலும்பு வளர்ந்தது. அசையாமை, அதன்மேல் தினம் கொஞ்ச நேரம் பலவந்தம். காலை 6 மணி, 30 வரை எண்ணிக்கை. நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் இதை வேறொரு வடிவில் நன்றாக அறிவார்கள்: முழங்கையில் அடிபட்ட குழந்தையின் கையை எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் தசைக்குள் எலும்பு கட்டிக்கொள்ளும் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்கிறார்கள்.

நான் அந்த மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டேன். "நான் அழுத்தினதாலதான் வந்துச்சா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒருவரும் அழுத்தாத நோயாளிகளுக்கும் இது வருகிறது. நீண்டகாலம் உணர்விழந்து கிடந்தவர்களுக்கு, தசை இறுக்கம் மிகுந்தவர்களுக்கு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு அவை அனைத்தும் இருந்தன. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன நாளில், காலைத் தொடுவதற்கு முன்பே, அது தொடங்கியிருக்கவும் கூடும் என்றார். அழுத்தியது நல்லதில்லை, ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன் என்றார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: "பயந்துபோய் அசைக்காமலும் விட்டுடாதீங்க. அப்படி விட்டா மூட்டு மொத்தமா உறைஞ்சுபோயிரும். வலி தொடங்குற இடத்துக்கு முன்னாடி நிறுத்துங்க. தினமும் செய்யுங்க." சூடான தொடையை அம்மா கண்டுபிடித்தது நான் பயிற்சியைத் தீவிரமாக்குவதற்கு முன்புதான் என்பதை நானே நினைவுபடுத்திப் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் என் குற்ற உணர்வு காரணத்தைப் பற்றியதே அல்ல. எலும்பு எதனால் வந்திருந்தாலும், வலிக்கிறது என்று ஒரு மனிதர் தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல்லாலும் ஒரே கையாலும் சொன்னதை, நான் சோம்பல் என்று படித்தேன்.

செய்தி பரவியதும் வீட்டில் அடுத்த போராட்டம் தொடங்கியது. எலும்பு வளர்கிறதென்றால் கால்சியம் அதிகமாகிவிட்டது, பாலை நிறுத்து, கேழ்வரகை நிறுத்து, முட்டையைக் கொடுக்காதே என்று நாலு பக்கமிருந்தும் தொலைபேசி. ஏற்கெனவே 14 கிலோ எடை குறைந்திருந்த மனிதருக்கு இருந்த கொஞ்ச ஊட்டத்தையும் எடுத்துவிடும் யோசனை அது. ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தோம். அத்தைக்கு மட்டும் நான் நேரில் போய் விளக்கினேன். அவர் அன்று முதல் "உக்காருண்ணே" என்று சொல்வதை விட்டுவிட்டு, அப்பாவின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டார்.

வளர்ச்சியைக் கட்டுப்படுத்த இண்டோமெத்தசின் என்ற வலிநீக்கி மருந்து பயன்படும். ஆனால் வயிற்றில் ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் ஆகியவற்றை எண்ணி, மூளையில் கசிவு ஏற்பட்டவர் என்பதால், குறைந்த காலத்துக்கு மட்டும் கவனத்தோடு கொடுத்தார்கள். உருவாகிவிட்ட எலும்பைக் கரைக்க மருந்து எதுவும் இல்லை. ஜூலையில் மண்டையோட்டின் எலும்பை வயிற்றிலிருந்து எடுத்துத் திரும்பவும் தலையில் பொருத்தினார்கள். இடுப்பில் வந்ததற்குக் காத்திருக்கவேண்டும். பழுக்கட்டும் என்றார் மருத்துவர்; எலும்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டேன். பழுக்காத எலும்பை வெட்டினால் ரத்தம் அதிகமாகப் போகும், திரும்பவும் வளர்ந்துவிடும் என்ற அச்சம்.

இதற்கிடையில் அந்த இயன்முறை மருத்துவர் செய்த ஒரு காரியம், மருந்துகள் எல்லாவற்றையும்விட எங்கள் வாழ்க்கையை மாற்றியது. அப்பாவின் வலது இடுப்பு 55 பாகை வரைதான் மடங்குகிறது. சாதாரண நாற்காலிக்கு 90 வேண்டும். மடங்காத மீதியை ஈடுகட்டத்தான் உடம்பு முன்னால் வழுக்குகிறது. "அவரு வழுக்கலக்கா, அந்த இடுப்புக்கு அதுதான் உட்கார்ற விதம்" என்றார். தெருமுனைத் தச்சரிடம் ஒரு படம் வரைந்து கொடுத்தார். இருக்கையின் இடப்பாதி சமமாக, வலப்பாதி தொடை சரிவாக இறங்கும்படி முன்னால் தாழ்ந்து, முதுகுப்புறம் சற்றுப் பின்சாய்ந்து இருக்கும் நாற்காலி. வேப்பமரத்தில் செய்து, 2,600 ரூபாய் வாங்கினார் தச்சர். அதில் உட்காரவைத்த முதல் நாள் நாங்கள் வேட்டியைக் கட்டவில்லை. 10 நிமிடம் பார்த்தோம், 20 நிமிடம் பார்த்தோம். அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டோம். சாலையில் ஒரு பேருந்து கியர் மாற்றும் சத்தம் கேட்டபோது, அவருடைய இடக்கை கைப்பிடியில் இலேசாக அசைந்தது.

போன மாதம் மதுரையில் அறுவை மருத்துவரைப் பார்த்தோம். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களுக்கும் வேறுபாடில்லை, ரத்தத்தில் அந்த நொதியும் இறங்கிவிட்டது, எலும்பு முதிர்ந்துவிட்டது என்றார். மூளைக் காயத்துக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு காத்திருப்பது பழைய வழக்கம், இப்போது அத்தனை நாள் காத்திருக்காமலும் செய்கிறார்கள், எப்படியும் நமக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது என்றார். சிடி ஸ்கேனில், தொடைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் எலும்புக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்று காட்டினார். வெட்டி எடுத்த பிறகு திரும்ப வளராமலிருக்க ஒருமுறை கதிர்வீச்சு கொடுக்கலாம். அப்படியும் சிலருக்குத் திரும்புகிறது. எடுத்தால் உட்கார்வது எளிதாகும், ஆட்டோவில் ஏற்றலாம், கழிப்பறையில் உட்காரவைக்கலாம். கால் நடக்கத் தொடங்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அப்பாவை ஒருவர் அப்படிக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. "ஆமா" என்றார் அப்பா.

வரும் வியாழக்கிழமைக்குள் முடிவைச் சொல்லவேண்டும். அம்மா வேண்டாம் என்கிறார். தலையை ஒருமுறை திறந்தது போதும் என்கிறார். அண்ணன் திருப்பூரிலிருந்து, செய்துவிடலாம் என்கிறான். நான் இரண்டு வாரமாக, காலைப் பயிற்சி முடிந்து அவர் முகம் தெளிவாக இருக்கும் நேரத்தில், ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் மறுவிதமாகவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஆபரேஷன் பண்ணிக்கலாமாப்பா?" "ஆமா." "வேணாம்னு விட்டுருவமாப்பா?" "ஆமா." கேட்கும்போது வாயைப் பார்ப்பதில்லை. இன்று காலை முதல் கேள்விக்கு அவருடைய இடக்கை நாற்காலியின் கைப்பிடியை விட்டு எழுந்து, வலது தொடையின்மேல் வந்து படிந்தது. விரல்கள் இறுகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கைப்பிடிக்குத் திரும்பியது. நாளைக்கு இரண்டாவது கேள்வி.